வெறும் தட்டு

அக்டோபர் 9

திருப்புளிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போன் நம்பரை மாற்றிவிட்டாய். உன் அண்ணனிடம் கேட்டால், "யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா" என்கிறார். விலாசத்துக்குச் சத்தியம் வாங்க மறந்துவிட்டாய் போலிருக்கிறது. கேட்டதும் கொடுத்துவிட்டார். ஒன்றரை வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணி எழுதுகிறாளே என்று கிழித்துப் போடாமல் இதைப் படித்தால் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். மாடி அறையில் நீ செய்து வைத்த சூட்டுப் பெட்டி மக்கர் செய்கிறது. தெர்மகோல் பெட்டி, உள்ளே நாற்பது வாட் பல்பு, மீன் தொட்டிக் கடையில் நீ வாங்கிய சூட்டுக் கட்டுப்பாடு, அவ்வளவுதான். பல்பு எரிகிறது, அணைய மாட்டேன் என்கிறது. நேற்று உள்ளே நாற்பத்தெட்டு டிகிரி. முப்பத்தேழில் நின்றால்தான் கிருமி வளரும். நாற்பத்தெட்டில் வெந்துவிடும். கீழே உன் மிக்ஸி ரிப்பேர் கடையை எடுத்து நடத்துகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அந்தம்மா எதை எதோட சேத்து முறுக்கி வெச்சிருக்காங்கன்னு அவங்களுக்கே வெளிச்சம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

நீ போன பிறகு நம் மாடி லேபில் சனிக்கிழமைக் கூட்டம் சிறுத்துவிட்டது. முன்பு இருபது பேர் வந்த இடத்தில் இப்போது ஐந்தாறு பேர். டெய்லர் துணியில் பிடிக்கும் பூஞ்சணத்தை வளர்த்துப் பார்க்கிறார். கண்டக்டர் தன் மாடித் தோட்டத்து மண்ணை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "பஸ்ல கூட இவ்வளவு கூட்டம் பாத்ததில்ல மேடம்" என்கிறார். கம்ப்யூட்டர் கேமராவின் லென்ஸைத் திருப்பி மாட்டி நீ செய்த மைக்ரோஸ்கோப்தான். அது இன்னும் உழைக்கிறது.

மழை தொடங்கியதும் தெருவில் குழந்தைகளுக்கு மறுபடியும் வாந்தி, பேதி. ஒன்பது வீடு. முந்தாநாள் நாலு தாய்மார்கள் படியேறி வந்தார்கள். "போன தடவை மாதிரியே தண்ணிய டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க மேடம்" என்றார்கள். போன தடவை மாதிரியே! நான் கையைக் கழுவப் போய்விட்டேன்.

செய்துதான் ஆக வேண்டும். பெட்டியை எப்படிச் சரிசெய்வது என்று எழுது. குக்கருக்குப் புது கேஸ்கெட் வாங்கிவிட்டேன். அதைப் பற்றி உன்னிடம் கேட்கவில்லை.

பாப்பாவுக்கும் இரண்டு நாளாக வயிறு சரியில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

அண்ணி


அக்டோபர் 16

அண்ணிக்கு,

முதலில் பெட்டி. பழுது எதுவும் இல்லை. பல்பை எரித்து அணைக்கிற ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டிக்கு வெளியே இருக்கும் சின்ன டப்பாவின் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே சதுரமாக ஒரு கறுப்புக் கட்டி இருக்கும். அதன் தலையில் திருப்புளியின் பிடியால் ஒரு தட்டு. மெதுவாக. குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற மாதிரி. மறுபடியும் பிளக்கைச் செருகும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். கேட்காவிட்டால் வேறு ரிலே வாங்குங்கள். மீன் தொட்டிக் கடைக்குப் போக வேண்டாம், அங்கே தலையில் மிளகாய் அரைப்பார்கள். ஸ்டெபிலைசர் ரிப்பேர் செய்கிறவரிடம் கேளுங்கள். சூடு பார்க்கும் ஒயரின் நுனி பல்புக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. கிருமி வளர்க்கும் தட்டுகளை அடுக்கும் மூலையில் இருக்க வேண்டும்.

பாப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? பயப்பட ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதினாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணன் போனில் "நல்லா இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

நான் மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றுகிறேன். ஒரு ஹாலில் நாற்பது பெண்கள். நாள் பூராவும் செம்புக் கம்பி. கண்ணை மூடினாலும் அதுதான் ஓடுகிறது. எது எதற்குப் போகிறது என்று யாரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. மிக்ஸி மோட்டாரில் ரத்தம் பிரிக்கிற சுழல் இயந்திரம் செய்தவள் நான் என்று இங்கே சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள்தான் அப்போது முதலில் சிரித்தது. அப்புறம் உங்கள் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றீர்கள். அந்த ஒரு 'பரவாயில்லையே'வுக்காக நான் ஒரு மாதம் சோறு தண்ணி மறந்து உழைத்தேன்.

அதே வாய்தான் அப்புறம் சமையலறையில் வைத்து, "உன் ஓட்டை உடைசலை நம்பி ஊர்ப்பழியைத் தலையில் கட்டிக்கொண்டேன்" என்றது. மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கேன் தண்ணீர்க்காரரிடம் என்ன சொன்னீர்கள்? அவர் தண்ணீரில் பேதிக் கிருமி என்று நாம் எழுதி, டெய்லர் கடைச் சுவரில் ஒட்டிய அன்று நான் கடையில்தான் இருந்தேன். தெருக்காரர்கள் அவர் வண்டியிலிருந்து கேன்களை இழுத்துப் போட்டு உதைத்தார்கள். தண்ணீர் என் கடைப்படி வரை வந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. காலியான கேன்களைப் பொறுக்கிப் பொறுக்கி வண்டியில் அடுக்கினார். ஒரு வாரம் கழித்து, நம் வீட்டில் சீல் உடைக்காமல் கிடந்த அவருடைய கேனை நீங்கள் மூன்று முறை சோதித்தீர்கள். மூன்று முறையும் தட்டில் ஒரு சிவப்புப் புள்ளி, ஒரு கிருமி இல்லை. அதற்கு மூன்றாம் நாள் நான் துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் கிளம்பிய பிறகு நீங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். நீங்கள் கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் அடித்துத் திருத்துகிறவர். அவர் என்ன சொன்னார்? கேன் வேலையை மறுபடியும் ஆரம்பித்தாரா?

மிக்ஸிக் கடைக்காரி


அக்டோபர் 25

திருப்புளிக்கு,

'டிக்' என்றது.

பாப்பா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். உனக்கு முதல் கடிதம் எழுதிய மறுநாளே சேர்த்தோம். கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. இருபது வருடம் மற்றவர் கையில் நரம்பு தேடியவள் நான். என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சி குடிக்கிறாள். "அத்தை எனக்குக் காத்தாடி செஞ்சு அனுப்புவாங்களா?" என்று கேட்கச் சொன்னாள்.

சோதனை முடிந்தது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை தண்ணீர் பிடித்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்த முதல் பத்து நிமிடத்தில் ஒன்று, அரை மணி கழித்து இன்னொன்று. அரை மணிக்கு அப்புறம் பிடித்த தட்டு சுத்தம். முதல் பத்து நிமிடத் தட்டில் சிவப்புப் புள்ளிகளை எண்ண முடியவில்லை, மிளகாய்த்தூள் தூவிய மாதிரி இருக்கிறது. தண்ணீர் நிற்கிற நேரத்தில் குழாய்க்குள் எங்கோ சாக்கடை கசிந்து இறங்குகிறது. திறந்ததும் அது முதலில் வந்துவிடுகிறது. போன தடவை நாம் குழாய்த் தண்ணீரைப் பிடித்தது ஏழரை மணிக்கு. தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதனால்தான் குழாய் நல்ல பிள்ளையாகத் தெரிந்தது.

பாட்டில்களை எந்தத் தண்ணீரில் கழுவினோம்? டிரம்மில் பிடித்து வைத்த முதல் தண்ணீரில். கழுவியதைக் குக்கரில் இரண்டு ஈடாக அவித்தோம். முதல் ஈட்டில் விசில் வந்தது. குழாய், கிணறு, பள்ளிக்கூடத் தொட்டி எல்லாம் அந்த ஈட்டுப் பாட்டில்கள். கேன்காரருடைய இரண்டு பாட்டிலும், வெறும் தட்டுக்கான பாட்டிலும் இரண்டாவது ஈடு. நீ வெட்டி ஒட்டிய கேஸ்கெட் அதில்தான் ஆவியை விட்டிருக்கிறது. அவருடைய தட்டில் வளர்ந்தது நம் டிரம்மின் கிருமி.

நீ கேட்டதற்குப் பதில். சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நீ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். கேஸ்கெட் உன்னுடையது, ஓடியவள் நீ, நான் மட்டும் ஏன் தெருவில் நின்று தலைகுனிய வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். ஒரு மாதத்தில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். போன பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது.

எனக்கும் ஒரு பதில் வேண்டும். நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு வெறும் தட்டு. அதில் அவித்த தண்ணீரைத் தவிர ஒன்றும் விடுவதில்லை. அதில் ஒரு புள்ளி வளர்ந்தாலும் அன்றைய தட்டுகள் எல்லாமே குப்பை. அன்று பெட்டியைத் திறந்தது நீ. நோட்டில் 'வெறும் தட்டு: சுத்தம்' என்று உன் கையெழுத்து இருக்கிறது. இரண்டாவது ஈட்டுப் பாட்டிலில் அது எப்படிச் சுத்தமாக இருந்தது?

அண்ணி


நவம்பர் 2

அண்ணிக்கு,

கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி, "காதலா?" என்று கேட்டாள். "கேஸ்கெட்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

சுத்தமாக இல்லை அண்ணி. நான் பொய் எழுதினேன்.

அன்று காலையில் நீங்கள் பாப்பாவைப் பள்ளியில் விடப் போயிருந்தீர்கள். தெரு முழுக்கப் படியில் நின்றது. டெய்லர், கண்டக்டர், கைக்குழந்தையோடு அந்தத் தபால்காரர் மனைவி. "என்னாச்சும்மா, என்னாச்சும்மா" என்று ஒரே நச்சரிப்பு. பெட்டியைத் திறந்தேன். கேன்காரருடைய இரண்டு தட்டிலும் சிவப்பு. மனதுக்குள் ஒரு துள்ளல். கண்டுபிடித்துவிட்டோம்! தெர்மகோலும் பல்பும் குக்கரும் வைத்து, பெரிய லேப் சொல்லாததை நாம் கண்டுபிடித்துவிட்டோம்! அப்புறம்தான் கடைசித் தட்டை எடுத்தேன். வெறும் தட்டு. அதில் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டாவது ஈட்டுக்கு விசில் வரவே இல்லை. வராததை நான் உங்களிடம் சொல்லவில்லை. பக்கவாட்டில் ஆவி சீறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பாட்டில்களுக்குள் சூடு ஏறியதா என்று கூடப் பார்க்காமல், நேரத்தை மட்டும் கணக்கு வைத்து அடுப்பை அணைத்தேன். சொன்னால் நீங்கள், "அப்பவே சொன்னேன், கடையில நல்ல கேஸ்கெட் வாங்குன்னு" என்பீர்கள். நான் செய்கிற எல்லாவற்றையும் நீங்கள் ஆஸ்பத்திரிச் சாமானோடு ஒப்பிடுவீர்கள். என் சாமானில் பழுது என்று நானே ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தட்டை ப்ளீச்சிங் வாளியில் குப்புறப் போட்டேன். நோட்டில் 'சுத்தம்' என்று எழுதினேன். வெளியே போய், "கேன் தண்ணிலதான்" என்று சொன்னேன். இரண்டே வார்த்தை.

நீங்கள் வந்து நோட்டைப் பார்த்து, என்னை நம்பி, பெரிய எழுத்தில் அந்தத் தாளை எழுதிக் கொடுத்தீர்கள். நான் உங்களை ஏமாற்றினேன். சமையலறையில் நீங்கள் திட்டியது கேஸ்கெட்டுக்காக. எனக்கு வலித்தது அதற்காக இல்லை. உண்மை தெரிந்தால் இன்னும் என்ன சொல்லியிருப்பீர்களோ என்ற பயம். அதனால்தான் ஓடினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு தட்டை மறைத்தேன். அந்தத் தட்டு நமக்கு உண்மையைத்தானே காட்டியது? பாட்டில் கழுவிய தண்ணீரில் கிருமி என்று அதுதானே சொன்னது? அதை மட்டும் கேட்டிருந்தால் அன்றைக்கே குழாயைப் பிடித்திருக்கலாம். பாப்பா கையில் நரம்பு தேடியிருக்க வேண்டாம்.

காத்தாடி செய்கிறேன். பழைய சிடி பிளேயர் மோட்டார் ஒன்று வைத்திருக்கிறேன்.

நான்தான்


நவம்பர் 9

அன்புள்ள திருப்புளிக்கு,

பன்னிரண்டு இல்லை. பதினான்கு.

இரண்டு புள்ளிகள் விளிம்பை ஒட்டி இருந்தன. அவசரத்தில் நீ பார்த்திருக்க மாட்டாய். நான் எண்ணினேன்.

அன்று பள்ளியிலிருந்து திரும்பி வந்ததும் கை கழுவ மாடிக்குத்தான் போனேன். வாளியில் ஒரு தட்டு குப்புறக் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். அடியில் 'வெ' என்று உன் கையால் எழுதியிருந்தது. பழக்கதோஷம், எண்ணிவிட்டேன். நோட்டைப் பார்த்தேன், 'சுத்தம்' என்று இருந்தது. தட்டை மறுபடி வாளியில் போட்டேன். அப்புறம் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதினேன். அந்த வரிசையில்தான் நடந்தது. நீ என்னை ஏமாற்றவில்லை.

ஏன் என்று நீ கேட்க மாட்டாய், அதனால் நானே சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் லேபை வெளியாருக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் ஆறு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது உனக்குத் தெரியும். மாடியில் நாம் ஆரம்பித்த புதிதில், டெய்லர் கடை வாசலில் கேன்காரர் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கே வேண்டாதவங்க நம்ம தண்ணிக்குச் சீட்டு குடுக்கப் போறாங்களாம்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் வேடிக்கைக்குத்தான் சொல்லியிருப்பார். நான் ஒரு காய்கறிப் பையோடு அந்தச் சிரிப்பைத் தாண்டி நடந்து வந்தேன். இரண்டு வருடம் அது உள்ளே கிடந்தது. அந்தத் தாளை நிதானமாகத்தான் எழுதினேன். எழுத்து அழகாக விழுந்தது. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

கிருமி யாருடையது என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் ஒருவேளை அவருடையதாகவும் இருக்கலாமே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஒரு வாரம் கழித்து அவருடைய கேன் சுத்தம் என்று தெரிந்தபோது எனக்கு வந்தது கோபம். யார் மேலாவது அதை இறக்க வேண்டும். நீ எதிரே நின்றாய். பழியை முழுக்க உன் கேஸ்கெட் மேல் போட்டேன். நீ வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாய். ஒன்றரை வருடம் அந்த வசதியில் இருந்தேன். போன கடிதத்தில் கூட, தெரியாதவள் போல உன்னைக் கேள்வி கேட்டேன் பார். நீ ஒப்புக்கொள்கிறாயா என்று சோதித்தேன். சோதிப்பது என் தொழில் அல்லவா.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். அப்புறம், "கேன்காரர் இப்ப பஸ் டிப்போல வண்டி கழுவறாராம். தங்கச்சி இருக்கற ஊர்ல இருந்து ரெண்டு மணி நேரம்" என்று சொன்னார். உன் அண்ணனுக்கு இவ்வளவு நாளும் தெரிந்திருக்கிறது. விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

நான்தான் போக வேண்டும். பாப்பாவை விட்டு இன்னும் நகர முடியவில்லை. நீ போவாயா? போகாவிட்டாலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அண்ணி


நவம்பர் 23

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் படித்துவிட்டு முதலில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது. ஒன்றரை வருடம் நான் ஒருத்தியே கொலை செய்த மாதிரி சுமந்தேன். அப்புறம் வெட்கமில்லாமல் ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

டிப்போவின் பின்பக்கம் கழுவும் இடம். சிமெண்டுத் தரை, பெரிய ரப்பர் குழாய், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "மிக்ஸிக் கடைதானே? இங்க எங்கம்மா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது எல்லாம் போய்விட்டது.

"உங்க தண்ணில ஒண்ணும் இல்ல. தப்பு எங்களோடது" என்றேன். எடுத்த எடுப்பில்.

குழாயை மூடவில்லை. பஸ் சக்கரத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே, "என்னம்மா சொல்ற?" என்றார்.

எல்லாம் சொன்னேன். டிரம், கேஸ்கெட், வாளியில் போட்ட தட்டு. நீங்கள் எண்ணியதையும் சொன்னேன். உங்கள் கடிதம் அதற்குத்தானே என்று நினைத்தேன். நடுவில் குழாயை மூடிவிட்டார்.

"அப்ப அது நான் இல்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்தப் பிள்ளைங்க படுத்ததுக்கு நான் காரணம் இல்லையா?" என்றார். "நான் நம்பிட்டேம்மா. நீங்க படிச்சவங்க, மிஷின் வெச்சுப் பாத்தவங்க. ஃபில்டரை நாலு தடவை கழட்டிக் கழட்டிப் பாத்தேன், எங்கடா தப்புப் பண்ணேன்னு. தபால்காரர் பிள்ளை பிழைக்குமோ பிழைக்காதோன்னு சொன்னாங்களே, அன்னிக்கு நான் சாப்பிடல. ஊரைக் காலி பண்ணது உதைக்குப் பயந்தா? அந்தப் பிள்ளையைப் பாக்க முகம் இல்லாம."

தலையை ஆட்டினேன். "நீங்க இல்ல, நீங்க இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பூட்ஸைக் கழற்றி, அதில் இறங்கியிருந்த தண்ணீரைக் கவிழ்த்தார். அவர் பெண்ணைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அது தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்களாம். கடைசி மாதம் அது தண்ணீரே எடுத்துப் போகவில்லையாம். அதைச் சொல்லும்போதும் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார்: "என் தண்ணி சுத்தம்னு எத்தனை நாள்ல தெரிஞ்சுது உங்களுக்கு?"

பொய் சொல்ல முடியும் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. "ஒரு வாரத்துல" என்றேன்.

பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப வண்டிய இன்னும் விக்கல, என்கிட்டதான் இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான் அண்ணி. அதற்கு மேல் அவர் திட்டவில்லை. மறுபடி கேன் வேலை ஆரம்பிக்க நாங்கள் இரண்டு பேரும் உதவுகிறோம் என்று உளறினேன். "வேணாம்மா. தண்ணின்னு இனிமே யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்க என்னால முடியாது. இங்க பஸ்ஸு கழுவற தண்ணி, இதை யாரும் குடிக்கப் போறதில்ல" என்றார்.

கிளம்பும்போது கூப்பிட்டு ஒன்று மட்டும் சொன்னார். "ஒட்டின இடத்துலயே ஒட்டுங்க. அதே பெரிய எழுத்துல. சின்னதா எழுதி மூலையில ஒட்டிடாதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "வீட்ல ஏதாச்சும் துக்கமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல முடியவில்லை.

திருப்புளி


டிசம்பர் 12

அன்புள்ள திருப்புளிக்கு,

காத்தாடி வந்தது. பாப்பா அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். சிவப்பு ஒயரைக் கடிக்கக் கூடாது என்று நீ எழுதியிருந்ததை அவளே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

உன் கடிதம் வந்த சனிக்கிழமையே தெருவைக் கூப்பிட்டேன். மாடி அறை கொள்ளாமல் படியிலும் நின்றார்கள். குழாயில் கிருமி என்று ஏற்கெனவே சொல்லியிருந்ததால், ஏதோ பாராட்டுக் கூட்டம் என்று சிலர் நினைத்து வந்தார்கள் போலிருக்கிறது. நோட்டைப் பிரித்துக் காட்டி, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். நீ வாளியில் போட்டதையும், நான் எடுத்து எண்ணியதையும், ஒரு வாரத்தில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும். உன்னைப் பற்றிச் சொல்ல உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. மன்னித்துக்கொள். உன்னை விட்டுவிட்டுச் சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

டெய்லர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நானும் ரெண்டு கேனை உதைச்சேன் மேடம்" என்றார். கண்டக்டர் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து வரவில்லை. தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் போகிறார்.

தபால்காரர் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப அன்னிக்கே குழாய்தான்னு தெரிஞ்சிருந்தா, இந்த வருஷம் எங்க பிள்ளைங்க படுத்திருக்க வேண்டாம் இல்லையா?" சத்தம் போடவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஆமாம்" என்றேன். என் பெண்ணும் அதில் படுத்தவள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது என்று நிறுத்திவிட்டேன்.

நகராட்சி ஆட்கள் வந்து தெருமுனையில் தோண்டிவிட்டார்கள். மூன்றடி ஆழத்தில், குழாய் இணைப்பு ஒன்று சாக்கடைக்கு அடியிலேயே பிளந்து கிடந்தது. மாற்றிவிட்டார்கள். முதல் பத்து நிமிடத் தண்ணீரை நான்கு நாள் தொடர்ந்து சோதித்தேன். சுத்தம். வெறும் தட்டும் சுத்தம். ஒவ்வொரு நாளும் தட்டுகளை டெய்லரையும் தபால்காரர் மனைவியையும் எண்ணவைத்தேன், நான் எண்ணவில்லை. இனி நம் அறையில் அதுதான் வழக்கம். தட்டைப் படிக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர், வெளியே சொல்கிறவர் இன்னொருவர். இப்போது வருவது மூன்று பேர்தான் என்பதால் ஆளுக்கு ஒன்று சரியாக இருக்கிறது.

தாளை ஒட்டிவிட்டேன். அதே சுவர், அதே அளவு எழுத்து. 'கேன் தண்ணீரில் கிருமி இல்லை. தவறு எங்களுடையது' என்று ஆரம்பித்து, கீழே நம் இருவரையும் பற்றி எழுதினேன். முதல் தடவை எழுதியபோது அரை மணியில் முடிந்தது. இதற்கு மூன்று தாள் வீணாயிற்று. பாதிப் பேர் நின்று படிக்கக் கூட இல்லை. கெட்ட செய்தியைத் தெருவே கூடிப் படித்தது. நல்ல செய்தி சுவரில் வெயில் காய்கிறது.

நேற்று மத்தியானம் மாடி ஜன்னல் பக்கம் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் இறங்கி ஒருவர் நடந்து வந்தார். சலவை செய்த சட்டை. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவர் தோள் உயரம். அவர் என்று எனக்கு நடையிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டு பேரும் சுவருக்கு முன்னால் நின்றார்கள். அவர் படிக்கவில்லை. அந்தப் பெண்தான் வாய்விட்டுப் படித்தது, அவர் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு வார்த்தை காதில் விழவில்லை, உதடு அசைவதுதான் தெரிந்தது. நடுவில் அது நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அவர் தலையசைத்தார். மறுபடி படித்தது. டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். வெளியே வரவில்லை.

நான் ஈரக் கையோடு படி வரைக்கும் போனேன். இறங்கவில்லை. இறங்கிப் போய் என்ன கேட்பேன்? மன்னிப்பையா? அவர் வந்தது அந்தப் பெண்ணுக்குக் காட்ட. எனக்குக் கொடுக்க இல்லை.

படித்து முடித்ததும் போகத் திரும்பினார்கள். தாளின் கீழ்மூலை பசை விட்டுக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நின்று, கட்டைவிரலால் அதைச் சுவரோடு அழுத்தி, ஒட்டுகிற வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணி